கிடைக்காத வேலையைத் தானே உருவாக்கிக்கொள்வது: பெண்கள் ஏன் கட்டாயத்தால் தொழில் தொடங்குகிறார்கள்?

ஒரு பெண் சொந்தமாகத் தொழில் தொடங்கினால் அவரைப் பற்றிச் சொல்ல இரண்டு கதைகள் தயாராக இருக்கும். ஒன்று சாதனைக் கதை: துணிந்து இறங்கினார், தடைகளைத் தாண்டினார், இன்று நாலு பேருக்கு வேலை கொடுக்கிறார். இன்னொன்று கைச்செலவுக் கதை: வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் ஏதோ கொஞ்சம் சம்பாதித்துக்கொள்கிறார். மகளிர் தினத்தன்று முதல் கதை அச்சாகும். மற்ற நாட்களில் சொந்தபந்தங்கள் பேசுவது இரண்டாவது கதை.

தொழில் செய்யும் பெண்களில் ஏராளமானோர் இரண்டு கதைகளிலும் இல்லை. வீட்டுக்குப் பணம் வேண்டியிருந்தது. தங்களுக்கு ஒத்துவருகிற சம்பள வேலை கிடைக்கவில்லை. அதனால் ஒரு வேலையைத் தாங்களே உருவாக்கிக்கொண்டார்கள். பொருளியலில் இதற்குக் கட்டாயத் தொழில்முனைவு என்று பெயர்: வேறு ஏற்ற வேலை இல்லாததால், பிழைப்புக்காகத் தொடங்கும் தொழில். நல்ல வாய்ப்பு ஒன்று கண்ணில் பட்டு, அதைப் பிடிக்க வேண்டும் என்று தொடங்குவது வாய்ப்புத் தொழில்முனைவு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் கடன் திட்டங்களும் பயிற்சி வகுப்புகளும் பல நேரம் குறி தவறுகின்றன என்பது என் எண்ணம்.

## ஒரே வாசலில் இரண்டு பேர்

ஒரு வீட்டு வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர். இன்னொருவர் மழைக்கு ஒதுங்கியவர். தெருவிலிருந்து பார்த்தால் யார் எவர் என்று தெரியாது. வீடு பார்க்க வந்தவர் அறைகளை எண்ணுவார், தண்ணீர் வருமா என்று கேட்பார், பிடிக்காவிட்டால் அடுத்த தெருவுக்குப் போவார். ஒதுங்கி நிற்பவரிடம் போய் வீடு பிடித்திருக்கிறதா என்று யாராவது கேட்பார்களா? மழை விட்டால் அவர் கிளம்பிவிடுவார். விடாவிட்டால் எத்தனை நேரமானாலும் அங்கேயேதான் நிற்பார்.

இதைத் தொழிலுக்குப் பொருத்தினால் ஒரு விஷயம் உடனே தெளிவாகும். வாய்ப்புத் தொழிலை மூடினால் அது தோல்வியாக இருக்கலாம். கட்டாயத் தொழிலை மூடியவருக்கோ நிலையான சம்பளத்தோடு ஒரு வேலை கிடைத்திருக்கலாம். ‘மூடப்பட்ட தொழில்கள்’ என்ற எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றாகவே விழும்.

இந்த வேறுபாட்டை உலக அளவில் பரப்பியது உலகத் தொழில்முனைவுக் கண்காணிப்பு என்ற ஆண்டாய்வு. சுருக்கமாக ஜெம் என்பார்கள். அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியும் லண்டன் பிசினஸ் ஸ்கூலும் 1999இல் தொடங்கியது. 2001 அறிக்கையிலேயே கட்டாயம், வாய்ப்பு என்று பிரித்துக் காட்டினார்கள். நாளாக நாளாக அந்தக் கேள்வியில் ஒரு சிக்கல் தெரிந்தது. இதுவா அதுவா என்று கேட்டால் ‘இரண்டும்தான்’ என்று சொல்ல நினைப்பவர் என்ன செய்வார்? 2019 முதல் கேள்வியை மாற்றி, நான்கு காரணங்களைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். ‘வேலைகள் அரிதாக இருப்பதால் பிழைப்புக்காக’ என்பது அவற்றில் ஒன்று. ஒருவரே பல காரணங்களுக்கு ஆம் சொல்லலாம். இந்தப் பிழைப்புக் காரணத்துக்குப் பொதுவாக ஆண்களைவிடப் பெண்களே அதிகம் ஆம் சொல்கிறார்கள்.

தொழில் தொடங்கிப் பல வருடம் ஆனவரிடம் காரணம் கேட்டால் எச்சரிக்கை தேவை. நன்றாக ஓடுகிற தொழிலுக்குக் கனவு பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். நொடித்துப்போன தொழிலுக்குக் கட்டாயம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதுவரை சொன்னதன் சாரம்: கட்டாயம் என்பது தொழிலின் வகையோ அளவோ இல்லை. தொடங்கும்போது அவருக்கு வேறு என்ன வழி இருந்தது என்பதைப் பொறுத்தது அது.

## சம்பள வேலை ஏன் ஒத்துவருவதில்லை?

கட்டாயத்தில் இரண்டு பாதி உண்டு. பணம் வேண்டும் என்பது ஒரு பாதி. ஏற்ற வேலை இல்லை என்பது மறு பாதி. முதல் பாதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. வித்தியாசம் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

தையல் மெஷின் வைத்து வீட்டிலேயே தைக்கும் ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்வோம். துணி வெட்டுகிற வேலைக்கு முழுக் கவனம் வேண்டும். ஒரு வெட்டு தவறினால் வாடிக்கையாளரின் துணிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கிடைக்கும் நேரத்தில்தான் வெட்டு. மெஷின் ஓட்டுவது அதற்கடுத்து. கொக்கி வைப்பது, பொத்தான் தைப்பது, ஓரம் அடிப்பது எல்லாம் பாதியில் விட்டாலும் கெடாத வேலைகள். அவற்றைப் படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்வார். மாலையில் பிள்ளைகள் வந்துவிட்டால் வேலை நிற்கும். வாடிக்கையாளர்கள் அளவு கொடுக்க வருவது இருட்டும் நேரத்தில். எல்லோரும் தூங்கிய பிறகு, சத்தத்தில் குழந்தை விழிக்காது என்றால், இன்னும் கொஞ்ச நேரம் மெஷின் ஓடும்.

கூட்டிப் பார்த்தால் ஐந்தாறு மணி நேரம் உழைத்திருப்பார். ஆனால் அந்த ஐந்தாறு மணி நேரத்தைச் சம்பளம் கொடுத்து வாங்க முதலாளி கிடைக்கமாட்டார். அது நாலைந்து துண்டாக இருக்கிறது. எந்தத் துண்டு எப்போது அறுபடும் என்று அவருக்கே தெரியாது. ஒன்பது மணிக்கு வந்து ஐந்து மணி வரை இரு என்கிற வேலைக்கு அந்த நேரம் பயன்படாது. துண்டு நேரத்தை ஏற்றுக்கொள்ளும் ஒரே இடம் சொந்தத் தொழில்.

இப்படி நேரத்தைத் துண்டாக்குவது ஊதியமில்லாப் பராமரிப்பு வேலை. பிள்ளை, முதியவர், நோயாளி ஆகியோரைக் கவனிப்பதும், சமையல், துவைப்பு, துப்புரவு எல்லாமும் இதில் அடக்கம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம் இந்த வேலை நடக்கிறது. 200 கோடி பேர் நாளைக்கு 8 மணி நேரம் சம்பளமில்லாமல் உழைப்பதற்கு அது சமம். அதில் நான்கில் மூன்று பங்குக்கு மேல், துல்லியமாகச் சொன்னால் 76.2 சதவீதத்தை, பெண்கள் செய்கிறார்கள்.

இங்கே ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது: வாய்ப்புச் செலவு. ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பதால் நாம் கைவிடும் அடுத்த நல்ல வழியின் மதிப்பு அது. தையல்காரப் பெண்ணுக்கு அடுத்த நல்ல வழி என்ன? வெளி வேலைக்குப் போனால் வரும் சம்பளத்திலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவையும் போய்வரும் செலவையும் கழித்தால் மிஞ்சுவது. பல வீடுகளில் அந்த மிச்சம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அதனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ‘இந்தக் காசுக்கா இவ்வளவு பாடு’ என்று தோன்றுகிற வருமானமும் அவர் கணக்கில் லாபமே. அவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்று நினைப்பவர்கள்தான் கணக்கை முழுதாகப் போடாதவர்கள்.

ஏழைக் குடும்பங்களோடு இது நின்றுவிடுவதில்லை. பெண்களின் உழைப்பு வரலாற்றை ஆராய்ந்து 2023இல் பொருளியல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், பணக்கார நாட்டிலும் பெரிய சம்பள வேலைகளில் இதே முடிச்சு இருப்பதைக் காட்டினார். எப்போது கூப்பிட்டாலும் வரத் தயாராக இருப்பவருக்கே அங்கே கூடுதல் சம்பளம். குழந்தை பிறந்த பிறகு அப்படி இருக்க முடியாமல் பின்தங்குவது பெரும்பாலும் தாய். பெரிய நிறுவனத்தை விட்டு வந்து வீட்டிலிருந்தபடி தனியாக ஆலோசனைத் தொழில் தொடங்கும் பெண்ணின் கட்டாயம் தையல்காரப் பெண்ணின் கட்டாயத்தைவிட மிருதுவானது. பின்னால் வேலை செய்யும் காரணம் ஒன்றுதான்.

## பணத்தேவை எந்த வழியில் வருகிறது?

திடீரென்று வருவது எல்லோருக்கும் தெரிந்தது: கணவரின் வேலை போகிறது, நோய், சாவு, பிரிவு. சம்பாதிப்பவரின் வருமானம் நின்றதும் அதுவரை சம்பாதிக்காதவர் வேலைக்கு வருவதைக் கூடுதல் உழைப்பாளர் விளைவு என்கிறார்கள். ஆட்குறைப்பு நடக்கும் காலத்தில் பலர் ஒரே சமயத்தில் இப்படி வருவார்கள். அந்த நேரம் பார்த்துச் சம்பள வேலைகளும் சுருங்கியிருக்கும். மிஞ்சுவது சொந்தத் தொழில்.

மெதுவாக வரும் தேவை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கணவரின் வருமானம் இருக்கும். ஆனால் ஒரு மாதம் போல் மறு மாதம் இராது. பிள்ளைகள் வளர வளர செலவு ஏறும். பெண் தன் கைக்கென்று கொஞ்சம் பணம் வேண்டும் என்று நினைப்பதும் இதில் சேரும். ஒவ்வொரு செலவுக்கும் காரணம் சொல்லிக் கை நீட்ட வேண்டியிருப்பதும் ஒரு பொருளாதாரக் கட்டாயம்தான், வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தாலும்.

வேலையில்லாக் கால உதவித்தொகை இல்லாத நாட்டில் ஏழைகளால் வேலையில்லாமல் இருக்கவே முடியாது. மானிடவியலாளர் கீத் ஹார்ட் கானாவின் அக்ராவில் செய்த ஆய்வும், 1972இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கென்யாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கையும் இதை முன்னால் கொண்டுவந்தன. வேலையற்றோர் என்று நினைக்கப்பட்டவர்கள் விற்றுக்கொண்டும் செய்துகொண்டும் பழுதுபார்த்துக்கொண்டும் இருந்தார்கள். அரசின் பதிவேட்டில்தான் இல்லை. பதிவும் தொழிலாளர் சட்டப் பாதுகாப்பும் இல்லாத இந்தத் தொழில் உலகத்துக்கு முறைசாராத் துறை என்ற பெயர் அப்போதிலிருந்து நிலைத்தது.

## எல்லோரும் ஏன் ஒரே தொழிலில்?

கைமுதல் குறைவு, கற்றது வீட்டில், இடமும் வீடு, பணம் சீக்கிரம் திரும்ப வேண்டும். இந்த நான்கையும் வைத்து வடிகட்டினால் தையல், சமைத்து விற்பது, சில்லறை வியாபாரம், அழகு நிலையம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் மிஞ்சும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதே வடிகட்டிதான். எளிதில் நுழைய முடிகிற தொழிலில் எல்லோரும் நுழைவார்கள், விலை இறங்கும், உழைப்புக்கு மேல் எதுவும் மிஞ்சாது. ‘பெண்களுக்கு ரிஸ்க் எடுக்கத் தைரியம் இல்லை, அதனால் சின்னத் தொழிலாகத் தேடுகிறார்கள்’ என்ற பேச்சு இந்த வடிகட்டியைப் பார்க்காமல் பேசுவது.

சட்டமும் நெடுங்காலம் கூடவே நின்று தடுத்தது. பிரான்ஸில் திருமணமான பெண்ணுக்கு, கணவரின் ஒப்புதல் இல்லாமல் வேலைக்குப் போகவும் தன் பெயரில் வங்கிக் கணக்கு திறக்கவும் 1965இல்தான் உரிமை வந்தது. அமெரிக்காவில் பெண்கள் தொழில் கடன் வாங்க ஆண் உறவினரின் கையெழுத்தைக் கேட்கும் வழக்கத்துக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே முடிவு கட்டியது. இன்று பெரும்பாலான நாடுகளில் அப்படி எழுதி வைத்திருக்கமாட்டார்கள். ஆனாலும் வங்கி பிணை கேட்கும், அதாவது கடன் திரும்பாவிட்டால் எடுத்துக்கொள்ள ஒரு சொத்து. வீடும் நிலமும் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள்.

## லாபம் எங்கே போகிறது?

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுக் கதை இதில்தான் இருக்கிறது.

சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 2005இல் இலங்கையில் ஒரு சோதனை தொடங்கினார்கள். மிகச் சிறிய தொழில் நடத்தும் ஆண்களிலும் பெண்களிலும் சிலரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து இலவசமாக முதலீடு கொடுத்தார்கள், பணமாகவோ பொருளாகவோ. கடன் இல்லை, திருப்பித் தர வேண்டியதில்லை. ஆண்களின் தொழில்களில் லாபம் நன்றாகக் கூடியது. பெண்களின் தொழில்களில் சராசரியாகக் கூடவே இல்லை.

பெண்களுக்குத் தொழில் நடத்தத் தெரியவில்லை என்று முடிவு கட்ட அது வசதியான சான்று. பலர் கட்டவும் செய்தார்கள். பிறகு 2019இல் வெளியான இன்னொரு ஆய்வு, அரியெல் பெர்ன்ஹார்ட், எரிக்கா ஃபீல்டு, ரோகிணி பாண்டே, நத்தாலியா ரிகோல் ஆகியோருடையது, இந்தியா, இலங்கை, கானா ஆகிய நாடுகளின் தரவுகளை எடுத்து வேறொரு கேள்வி கேட்டது: அந்த வீட்டில் வேறு யாராவது தொழில் செய்கிறார்களா? பெண் மட்டுமே தொழில் செய்யும் வீடுகளைத் தனியாகப் பிரித்தபோது ஆண்–பெண் இடைவெளி காணாமல் போனது. மற்ற வீடுகளில் பெண்ணின் பெயரில் வந்த முதலீடு கணவரின் தொழிலுக்குப் போயிருந்தது. குடும்பத்தின் வருமானம் கூடியிருந்தது. பெண்ணின் தொழில் கணக்கில் மட்டும் அது தெரியவில்லை.

குடும்பமாகப் பார்த்தால் அது சரியான முடிவாகக்கூட இருக்கலாம். கணவரின் தொழில் கூட்டமில்லாத துறையில் இருந்தால் அங்கே போடும் பணம் அதிகம் திரும்பும். ஆனால் பெண்ணின் தொழில் வளராததற்கு அவர் திறமையைக் குறை சொல்ல முடியாது.

கணவருக்குத் தொழிலே இல்லாத வீட்டிலும் பணம் தங்குவது கடினம். தையல்காரப் பெண்ணின் டப்பாவில் இருக்கும் பணத்தில் ஒரு பகுதி லாபம். இன்னொரு பகுதி நாளைக்கு நூலும் லைனிங் துணியும் வாங்க வேண்டியது. இந்தப் பிந்தைய பகுதிதான் நடைமுறை மூலதனம்: தொழிலை அடுத்த சுற்றுக்கு ஓட்டத் தேவையான பணம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டப்பாவைத் திறக்கும் கை இரண்டையும் பிரித்துப் பார்க்காது. மருந்து வாங்கியாகும், அடுத்த வாரம் நூல் கடனுக்கு, கடனுக்கு வாங்கினால் விலை கூட. தொழிலுக்கும் வீட்டுக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். நல்ல அறிவுரைதான், காய்ச்சலுக்குக் காப்பீடு இருப்பவரால் பின்பற்ற முடிகிற அறிவுரை.

இந்தப் பகுதியிலிருந்து ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: கட்டாயத் தொழில் வளராமல் இருப்பதற்குப் பெரும்பாலும் தொழிலுக்கு வெளியேதான் காரணம் தேட வேண்டும்.

## அப்படியானால் நுண்கடன்?

பிணையில்லாமல் ஏழைகளுக்குக் கொடுக்கும் சிறு கடன் நுண்கடன். பங்களாதேஷில் முகமது யூனுஸ் 1976இல் ஜோப்ரா கிராமத்தில் தொடங்கிய முயற்சி 1983இல் கிராமீன் வங்கியானது. 2006இல் யூனுஸுக்கும் வங்கிக்கும் சேர்த்து அமைதி நோபல் கிடைத்தது. கடன் வாங்கியோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கடன் கிடைத்தால் ஒவ்வொரு பெண்ணும் தொழிலதிபர் ஆவார் என்ற நம்பிக்கை அப்போது உலகம் முழுக்கப் பரவியது.

இந்தியா, மெக்சிகோ, மொராக்கோ, மங்கோலியா, எத்தியோப்பியா, போஸ்னியா ஆகிய ஆறு நாடுகளில் நடந்த சோதனைகளின் முடிவுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. நன்மை ஓரளவு உண்டு, வாழ்க்கையைப் புரட்டிப் போடும் மாற்றம் இல்லை என்பதே பொதுவான முடிவு. மேலே பார்த்த காரணங்களைப் புரிந்துகொண்டவருக்கு இது வியப்பாக இராது. இவர்களிடம் இல்லாத பலவற்றில் பணம் ஒன்று மட்டுமே.

கடனின் வடிவமும் ஒரு காரணம். கொல்கத்தாவில் நடந்த ஒரு சோதனையில் சிலருக்கு வழக்கம்போல் இரண்டு வாரத்தில் முதல் தவணை. சிலருக்கு இரண்டு மாதம் கழித்து. தவணைக்கு அவகாசம் கிடைத்தவர்கள் துணிந்து முதலீடு செய்தார்கள், சில ஆண்டுகளில் அவர்கள் லாபமும் கூடியிருந்தது. கடன் திருப்பாதவர்களும் அவர்களில் அதிகம். உடனே தவணை கட்ட வேண்டும் என்றால் உடனே காசு வரும் தொழிலில்தான் இறங்க முடியும். கூட்டம் நிரம்பிய தொழில்கள் அவைதான்.

## முதலாளியா, தொழிலாளியா?

இலா பட் 1972இல் அகமதாபாத்தில், சுயதொழில் செய்யும் பெண்களுக்கான சேவா அமைப்பைத் தொடங்கினார். தலைச்சுமை தூக்குவோர், தெருவில் விற்போர், வீட்டிலிருந்தபடி தைப்போர் ஆகியோரைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனால் தொழிலாளர் துறை மறுத்தது. முதலாளி யார் என்று காட்ட முடியாதவர்களுக்குச் சங்கம் எதற்கு, யாரை எதிர்த்துப் போராடுவார்கள் என்பது வாதம். உழைப்பவர்கள் ஒன்றுசேரவே சங்கம் என்று வாதாடி அந்த ஆண்டே பதிவு வாங்கினார்கள். வங்கிகள் மதிக்காததால் 1974இல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். பிள்ளைகள் காப்பகமும் காப்பீடும் பின்னர் வந்தன. இந்த வரிசையைக் கவனியுங்கள்: துண்டு நேரத்துக்குக் காப்பகம், காய்ச்சலுக்குக் காப்பீடு, டப்பாவுக்குப் பதில் வங்கி.

தொழில்முனைவோர் என்று எண்ணப்படுகிறவர்களில் உண்மையில் வேறொருவரிடம் வேலை செய்பவர்களும் உண்டு. ஒரே முகவர் துணி கொண்டுவந்து கொடுத்து, பீஸ் ரேட்டுக்குத் தைத்து வாங்கிப் போகிறார் என்று வையுங்கள். விலையை வைப்பவர் அவர். மெஷின் பழுதானால் செலவு இவருடையது. சம்பளமும் விடுப்பும் கேட்டால் ‘நீங்கள் சொந்தத் தொழில் செய்பவர்’ என்ற பதில் வரும். செயலி வழியாக வேலை வாங்கும் நிறுவனங்களிலும் இப்போது இதே பதில்தான். தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 20ஆவது பன்னாட்டு மாநாடு 2018இல் இவர்களுக்கென்று ‘சார்ந்திருக்கும் ஒப்பந்தக்காரர்’ என்ற தனி வகையை ஏற்றது. எந்த நாட்டிலாவது பெண் தொழில்முனைவோர் இத்தனை சதவீதம் கூடியிருக்கிறார்கள் என்று செய்தி படித்தால், இந்த வகையினரை அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் சேர்த்திருக்கிறார்கள், அதே காலத்தில் பெண்களின் சம்பள வேலைகள் கூடினவா குறைந்தனவா என்று இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.